நீச்சல்குளம் உண்டு, கொடிக்கயிறு கிடையாது

கேள்வி: பெரம்பூரில் பழைய மில் இருந்த பக்கம் எழும்பியிருக்கும் அடுக்குமாடியில், ஒரு படுக்கையறை ‘லக்சுரி’ ஃபிளாட் வாடகைக்கு வருகிறதாம். போகலாமா?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: தாராளமாகப் போங்கள். கையில் இன்ச் டேப்பும் இருக்கட்டும். புரோக்கர் சொல்லும் 650 சதுர அடியில் லிஃப்ட், மாடிப்படி, வரவேற்புக்கூடம் எல்லாவற்றிலும் உங்கள் பங்கு அடக்கம். கட்டில் போட முடிவதோ ‘கார்ப்பெட் ஏரியா’வில் மட்டும். அதைத் தனியாகக் கேளுங்கள். பால்கனியையும் விசாரியுங்கள். முகப்பு அழகு கெடும் என்று துணி காயப்போடத் தடை விதிக்கும் அசோசியேஷன்கள் உண்டு. குளத்தில் நனையலாம், நனைந்த துண்டை எங்கே போடுவது என்பது உங்கள் பாடு.

அட்வான்ஸா? 2017 வாடகைச் சட்டப்படி மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டாலொழிய. அந்த விதிவிலக்குக்குள்தான் சென்னை வீட்டுக்காரர்களின் பத்து மாத அட்வான்ஸ் சௌகரியமாகக் குடியிருக்கிறது. மெயின்டனன்ஸ் யார் தலையில், காலி செய்யும்போது பெயின்ட்டுக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் எழுதி வாங்குங்கள். வாய்வார்த்தை சாவி கைமாறும்வரைதான்.

சங்கம் என்றால் இந்த வட்டாரத்துக்குப் பழக்கம்தான். பி அண்ட் சி மில் தொழிலாளர்களை வைத்து 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது, திரு.வி.க.வும் பி.பி.வாடியாவும் முன்னே நின்றார்கள். இப்போது இருப்பது ஃபிளாட் உரிமையாளர் சங்கம். அதில் ஓட்டு ஓனருக்கு, பார்க்கிங் சண்டை உங்களுக்கு!