டாக்டர் ஓட்டிய வண்டி

தமிழ்நாட்டில் விற்பனைக்கு வரும் பழைய கார்களை இதுவரை ஓட்டியவர்கள் மூன்றே பேர். ஒரு டாக்டர். ஒரு பேங்க் மேனேஜர். ரிடையரான ஒரு தலைமையாசிரியை. டாக்டர் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்புவார். மேனேஜர் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு எடுப்பார். டீச்சர் எடுக்கவே மாட்டார். துடைத்து மட்டும் வைப்பார். மூவருக்கும் பையன் அமெரிக்காவில். அதனால்தான் மனசே இல்லாமல் கொடுக்கிறார்கள்.

அப்படியென்றால் திருப்பதிக்கும் மூணாறுக்கும் ராத்திரி பகலாக ஓடிய வாடகைக் கார்கள் எங்கே? மஞ்சள் போர்டைக் கழற்றி வெள்ளை போர்டு மாட்டியவை எங்கே? தவணை கட்டாமல் ஃபைனான்ஸ்காரன் தூக்கிவந்த சீஸிங் வண்டிகள் எங்கே? எந்த ஆட்டோ கன்சல்டிங்கிலும் கேட்டுப் பாருங்கள். அப்படி ஒரு வண்டி அவர் கைக்கு வந்ததே இல்லை. பக்கத்துக் கடைக்காரரிடம்தான் இருக்குமாம்.

இனி மீட்டர். 2014 மாடல் டீசல் கார். ஓடியது 58,000 கிலோமீட்டர். அதாவது, பெட்ரோல் காரைவிடக் கூடுதல் விலை கொடுத்து டீசல் கார் வாங்கிய ஒரு மனிதர், அதை நாளொன்றுக்குப் பதினைந்து கிலோமீட்டர்கூட ஓட்டவில்லை. நாம் நம்ப வேண்டும். நம்பவும் செய்கிறோம், ஏனென்றால் மீட்டர் டிஜிட்டல். ஒரு லேப்டாப், ஒரு ஒயர், கொஞ்ச நேரம். ஒன்றே முக்கால் லட்சம் இளைத்து 58,000 ஆகிவிடும்.

நல்லவேளையாக, மீட்டரைக் குறைக்கிறவர்கள் அவசரக்காரர்கள். மிச்சத்தை மறந்துவிடுவார்கள். கிளட்ச் பெடலின் ரப்பரைத் தடவிப் பாருங்கள். வரியெல்லாம் தேய்ந்து மொழுமொழுவென்று இருந்தால், டாக்டரின் இடது கால் ஆஸ்பத்திரியைத் தாண்டி வெகுதூரம் போயிருக்கிறது. ஸ்டியரிங் தேய்ந்து மினுங்குகிறதா, டிரைவர் சீட்டின் வலது ஓரம் அமுங்கிக் கிடக்கிறதா, பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்த டயர். 30,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடிய வண்டியில் நாலு டயரும் புத்தம்புதுசாக இருந்தால், பழைய நாலும் எங்கே போயின என்று கேளுங்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி நம்பரைக் கொடுத்து சர்வீஸ் கணக்கையும் கேளுங்கள். “வெளியிலதான் சார் விட்டோம், நம்ம மெக்கானிக்” என்று பதில் வந்தால், அந்த மெக்கானிக் ஒரு பில்கூடப் போட்டதில்லை என்ற பதிலும் கூடவே வரும்.

ரேஷன் கடையில் இருபது கிலோ அரிசிக்குப் பாட்டியின் கைரேகையைக் கேட்கிற அரசு இது. ரேகை தேய்ந்துபோன விரலை ஐந்து தடவை அழுத்தச் சொல்கிற அரசு. ஐந்து லட்சம் ரூபாய்க்குக் கை மாறும் கார் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று அதே அரசு எந்த ஏட்டிலும் எழுதிவைத்துக் கேட்கிறவனுக்குக் காட்டுவதில்லை. பெல்ஜியத்தில் 2006 முதல் ‘கார்-பாஸ்’ என்று ஒன்று இருக்கிறது. வண்டி பட்டறைக்குப் போகும்போதெல்லாம் மீட்டர் கணக்கு பொதுப் பதிவில் ஏறும். அந்தச் சான்று இல்லாமல் பழைய காரை விற்க முடியாது. நம் ஊரில் புகைச் சோதனை, இன்ஷூரன்ஸ், சுங்கச்சாவடி, சர்வீஸ் என்று காரைத் தொடாத கம்ப்யூட்டர் கிடையாது. நாலும் ஒன்றோடொன்று பேசினால் மீட்டர் பொய் ஒரே நாளில் செத்துப்போகும். அபராதம் வசூலிக்க மட்டும் நாலும் நன்றாகப் பேசிக்கொள்கின்றன.

ஏமாந்தவன் போலீசுக்குப் போகலாம். மோசடிக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவில் 318ஆம் பிரிவு இருக்கிறது. ஸ்டேஷனில் வேறொரு பிரிவு இருக்கிறது. “இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க.”

அடுத்தது வெள்ளம். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மறுபடி மூழ்கின. நாலாயிரம் கோடி ரூபாய் வடிகால் என்ன ஆயிற்று என்று கட்சிகள் தொலைக்காட்சியில் அடித்துக்கொண்டன. ஜனங்கள் அந்த விவாதத்தின் முடிவுக்குக் காத்திருக்கவில்லை. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் காரை எடுத்துக்கொண்டுபோய் வேளச்சேரி மேம்பாலத்தின்மேல் வரிசையாக நிறுத்திவிட்டார்கள். மாநகரத்தில் ஒழுங்காக வேலை செய்யும் ஒரே வடிகால் திட்டம் அந்த மேம்பாலம்தான்.

மேம்பாலத்தில் இடம் கிடைக்காத கார்கள்? பழுதுபார்க்கும் செலவு காப்பீட்டு மதிப்பில் முக்கால் பங்கைத் தாண்டினால் ‘டோட்டல் லாஸ்’. இன்ஷூரன்ஸ் கம்பெனி, காரின் சொந்தக்காரருக்குப் பணத்தைக் கொடுத்துக் கணக்கை முடிக்கும். பிறகு அந்த வண்டியை ஆன்லைனில் ஏலம் விடும். ஆர்.சி.யோடும் விடும். இங்கே நிறுத்தி யோசியுங்கள். இந்தக் கார் தேறாது என்று இன்ஜினியரை வைத்து எழுதி வாங்கிய கம்பெனி, ஓடுகிற கார் என்பதற்கான அத்தாட்சியையும் சேர்த்து விற்கிறது. உபயோகத்துக்கு லாயக்கில்லாமல் போன வண்டியின் பதிவை ரத்து செய்ய மோட்டார் வாகனச் சட்டத்தில் 55ஆவது பிரிவு இருக்கிறது. பதினான்கு நாளில் தெரிவிக்க வேண்டுமாம். சட்டம் அலமாரியில் காய்கிறது. கார் ஷெட்டில் காய்கிறது. கார் முதலில் காய்ந்து, சேலத்திலோ திருச்சியிலோ ‘டாக்டர் வண்டி’யாக மறுபிறவி எடுக்கிறது.

அதனால் பழைய கார் பார்க்கப் போகிறவன் மோப்பம் பிடிக்க வேண்டியிருக்கிறது. கண்ணாடியை ஏற்றி, ஏ.சி.யைப் போட்டு உட்காருங்கள். மல்லிகை வாசனைத் திரவியம் மூக்கைத் துளைத்தால் சந்தேகப்படுங்கள். அதற்கு அடியில் ஏதோ இருக்கிறது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். சுருளுக்குள் கிடந்த பாகத்தில் சேற்றுக் கோடு இருக்கும். அதைக் கழுவ யாருக்கும் தோன்றுவதில்லை. ஸ்டெப்னியைத் தூக்கி அடியில் கையை விடுங்கள். தரைவிரிப்பைக் கிளப்பி சீட்டுக்கு அடியில் உள்ள போல்ட்டுகளில் துரு பாருங்கள். மாதச் சம்பளக்காரன், பெண்டாட்டி பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, முட்டிபோட்டு ஒரு காரின் தரையை முகர்கிறான். அவன் முகர்ந்து தேட வேண்டிய விவரம் ஒரு கம்பெனியின் கோப்பில் பளிச்சென்று டைப் அடித்து இருக்கிறது. கேட்டால், வாடிக்கையாளரின் ரகசியமாம்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நீங்கள் போய்ச் சேர்வதற்குள் எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கியிருப்பார்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சுட்டால், ஆறட்டும் என்று டீ குடிக்கப் போய்விடுங்கள். ஆறிய எஞ்சின்தான் உண்மை பேசும். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. ஆயில் மூடியின் அடியில் பால்கோவா மாதிரி ஒட்டியிருந்தால் தண்ணீர் கலந்திருக்கலாம். பானெட், கதவு, டிக்கி போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்டுப் பெயின்ட் உதிர்ந்திருந்தால் கழற்றியிருக்கிறார்கள். பட்டி பார்த்த இடத்தில் காந்தம் ஒட்டாது. சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் விளக்கைக் கொன்றுவிட்டார்கள். பை வெடித்து எவ்வளவு காலமோ. எல்லாக் காருக்கும் ஆறு ஏர்பேக் கட்டாயம் என்று 2022இல் மத்திய அரசு முழங்கியது. ஓராண்டு தள்ளிவைத்தது. 2023இல் கட்டாயமில்லை என்றது. ஆறா, இரண்டா என்று டெல்லி யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் பட்டறைக்காரர் சைபரே போதும் என்று தீர்மானித்து, வெறும் மூடியை ஒட்டிக் கொடுத்துவிட்டார்.

பேப்பருக்கு வருவோம். உண்மையான திருவிளையாடல் இங்கேதான்.

“சிங்கிள் ஓனர் சார், ஆர்.சி.யைப் பாருங்க.” பார்த்தால் ஒரே பெயர்தான். அந்த ஒரே ஓனர் படிவம் 29, 30 இரண்டிலும் வெற்றாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போன பிறகு, வண்டி நாலு பேர் கை மாறியிருக்கும். ஐந்தாவது நீங்கள். சட்டப்படி விற்றவர் பதினான்கு நாளிலும் வாங்கியவர் முப்பது நாளிலும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தால் ‘சிங்கிள் ஓனர்’ போய்விடும், விலை இறங்கும். அதனால் கையெழுத்து மட்டும் ஊர் சுற்றுகிறது. விற்றவர் நிம்மதியாகத் தூங்குகிறார். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தூக்கத்தைக் கெடுத்தது. வடக்கே ஒரு கார், விற்று விற்றுக் கை மாறி, கடைசியில் விபத்தில் ஓர் உயிரைப் பறித்தது. இழப்பீடு யார் தலையில்? எப்போதோ விற்றுவிட்டேன் என்று சொன்ன முதல் மனிதரின் தலையில்தான். பதிவில் அவர் பெயர் இருந்தது.

இதற்கு மத்திய அரசு மருந்தும் கண்டுபிடித்தது. 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி வியாபாரிகள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும். கைக்கு வரும் ஒவ்வொரு வண்டியையும் இணையத்தில் தெரிவிக்க வேண்டும். அருமையான விதி. அடுத்த முறை கன்சல்டிங்குக்குப் போகும்போது அந்தச் சான்றைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் இருக்கும் கடையிலேயே கேளுங்கள்.

சரி, நாமே சோதித்துக்கொள்ளலாம் என்று வாகன் இணையதளத்தில் நம்பரைத் தட்டுவீர்கள். தட்டத்தான் வேண்டும். கடன் பதிவு நிற்கிறதா, இன்ஷூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா, அபராதம் பாக்கியா என்பதெல்லாம் தெரியும். கடன் நின்றால் வங்கியின் என்.ஓ.சி.யும் படிவம் 35உம் கைக்கு வராமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஆனால் உரிமையாளர் பெயர்? நாலு எழுத்து, நாலு நட்சத்திரம். தனிமனித ரகசியமாம். இதே வாகன் தகவல் தொகுப்பை 87 தனியார் நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டு 65 கோடி ரூபாய் சம்பாதித்ததாக 2019 ஜூலையில் மாநிலங்களவையில் அமைச்சரே சொன்னார். கூச்சல் கிளம்பி, மறு வருஷம் அந்தக் கொள்கையைக் கைவிட்டார்கள். நம் இன்ஷூரன்ஸ் முடிகிற தேதி இன்றைக்கும் ஊரிலுள்ள எல்லா டெலிகாலருக்கும் மனப்பாடம். நட்சத்திரம் பார்க்கிற விதி, காசு கொடுத்துக் கார் வாங்குகிற ஏமாளிக்கு மட்டும்.

இடையில் டெல்லி வண்டி என்று ஓர் இனம் வந்து இறங்குகிறது. பத்து வருஷம் தாண்டிய டீசல் காரும் பதினைந்து தாண்டிய பெட்ரோல் காரும் டெல்லியில் ஓடக் கூடாது என்று 2015இல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. 2018இல் உச்ச நீதிமன்றம் ஆமோதித்தது. 2025இல் பெட்ரோல் பங்கில் எண்ணெய் ஊற்றவே தடை என்றார்கள். சில நாளில் வாபஸ். இந்தக் கூத்தில் பயந்தவர்கள் என்.ஓ.சி. வாங்கிப் பாதி விலைக்குத் தள்ளிவிட, அவை லாரி ஏறித் தெற்கே வந்தன. டெல்லிக்காரனின் நுரையீரலுக்கு ஆகாத புகை, தருமபுரிக்காரனின் நுரையீரலுக்கு ஆகும். ஒரே நிபந்தனை, இங்கே வரி கட்ட வேண்டும். அங்கே ஆயுளுக்கும் கட்டிய வரியில் மிச்சம் வேண்டுமென்றால் அங்கேயே போய் மனுப் போட வேண்டும். ஆயுள் வரி என்பது யாருடைய ஆயுள் என்று மனுப் போட்டவருக்குப் போகப்போகத் தெரியும்.

வரியில் மட்டும் யாரும் மீட்டரைக் குறைப்பதில்லை. புதுக் கார் வாங்கும்போது ஜி.எஸ்.டி. அதற்குமேல் தமிழ்நாட்டின் ஆயுள் வரி, 2023 நவம்பர் முதல் விலையைப் பொறுத்து 12 முதல் 20 சதவீதம். அதே காரைக் கன்சல்டிங்காரர் விற்றால் அவர் லாபத்துக்கு மறுபடி 18 சதவீதம். 2024 டிசம்பரில் ஜெய்சல்மேரில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில் எடுத்த முடிவு அது. உப்புப் பாப்கார்னுக்கு 5, பாக்கெட்டில் அடைத்தால் 12, சர்க்கரைப் பாகு ஊற்றினால் 18 என்று விளக்கம் தந்த அதே கூட்டம். காரமா, கேரமலா என்று பாப்கார்னை வாயில் போட்டுப் பார்க்கிற அரசு, காரின் கதவைக்கூடத் திறந்து பார்ப்பதில்லை. பதினைந்து வருஷம் ஆன காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022இல் 5,000 ஆனது. இருபது தாண்டினால் இப்போது 10,000.

பேரம் முடிந்து பணத்தை எண்ணிக் கொடுத்ததும் டெலிவரி நோட் என்று ஒரு தாள் நீட்டுவார்கள். படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். இன்ன தேதி, மாலை 4.20 மணி முதல் இந்த வாகனத்தால் ஏற்படும் விபத்து, போலீஸ் கேஸ், கோர்ட் வழக்கு அனைத்துக்கும் வாங்கியவரே பொறுப்பு. வாகனத்தை நன்றாகப் பரிசோதித்துத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டார். ரெவின்யூ ஸ்டாம்ப்பும் ஒட்டியிருக்கும்.

“மணி, நிமிஷமெல்லாம் எழுதியிருக்கீங்க. கிலோமீட்டர் எழுதலையே?”

“அது எழுதுற வழக்கம் இல்லீங்க சார்.”