ஏரிக்கரையில் உட்காரும் இடம்: பீடித் துண்டுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

இவ்வாய்வு தூண்டிலைப் பற்றியது மட்டுமே. வலை, ஊத்தா, ஏரி வற்றும் நாளில் வெறுங்கையால் சேற்றைத் துழாவுவது ஆகியன இதன் எல்லைக்கு வெளியே நிற்கின்றன. தண்ணீருக்குள் கரண்ட் கம்பி இறக்குவோரும் தோட்டா போடுவோரும் சட்டத்துக்கும் வெளியே நிற்பதால் அவர்களைக் காவல்துறையின் ஆய்வுக்கு விட்டுவிடுகிறோம். களம், கல்லணைக் கால்வாயின் தண்ணீர் வந்து நிரம்பும் தஞ்சை, புதுக்கோட்டை ஏரிகள். 1934-ல் மேட்டூர் அணையோடு சேர்ந்து வந்த கால்வாய் என்பதால் ஊரார் இன்னும் அதைப் புது ஆறு என்றே சொல்கிறார்கள். ஆய்வு வினா ஒன்றுதான்: கரையில் எங்கே உட்கார்வது? எதைக் கோப்பது, எப்போது இழுப்பது என்பனவெல்லாம் கிளை வினாக்கள்.

முன்னாய்வுகளை ஒரு பார்வை பார்த்துவிடுவது மரபு. சங்கப் பாடல்களில் பாணர்மகள் தூண்டிற்கோலும் கையுமாக வருகிறாள். மரம், பூ, பொழுது என்று அத்தனையையும் சொன்ன புலவர்கள், அவள் எந்தத் துறையில் எந்தக் கல்லின் மேல் உட்கார்ந்தாள் என்பதை மட்டும் சொல்லாமல் போனார்கள். 1653-ல் லண்டனில் ஐசக் வால்டன் வெளியிட்ட தூண்டில் நூல் இன்றுவரை அச்சில் இருக்கிறது. அதன் பாத்திரங்கள் நடந்துகொண்டே பேசுகிறார்கள், பேசிக்கொண்டே சாப்பிடுகிறார்கள். நம் பக்கத்தில், சென்னை மாகாண சிவில் சர்வீஸ் அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-ல் இந்தியத் தூண்டிலைப் பற்றி ஒரு நூலும், 1887-ல் குளத்துத் தூண்டிலுக்கென்றே தனியாக இன்னொன்றும் எழுதினார். அருமையான உழைப்பு. ஆனாலும் அந்தக் காலத்து வெள்ளைக்கார அதிகாரிக்கு நம் சிக்கல் இருந்திருக்காது. அவர் வருமுன்பே தலையாரி கரையில் முள் வெட்டி வைத்திருப்பார். துரை உட்கார்ந்த இடமே நல்ல இடம் ஆகியிருக்கும். ஆக, நம் வினா இன்றுவரை தீண்டப்படாமலே கிடக்கிறது.

கருவிகளைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. ஒரு மூங்கில் கோல், கோலின் நீளத்துக்கு நரம்பு, நுனியில் முள், முள்ளுக்கு ஒரு சாண் மேலே ஈயம், அதற்கும் மேலே தக்கை. முள்ளின் நம்பர் ஏற ஏற முள் சிறுத்துக்கொண்டே போகும் என்பதை முதல்முறை கடைக்குப் போகிறவர் ஒருவரும் நம்புவதில்லை. தக்கைக்கு மயிலிறகின் தண்டை விஞ்ச எதுவுமில்லை என்பது பெரியவர்கள் கட்சி. தேய்ந்த ரப்பர் செருப்பில் அறுத்த துண்டு போதும் என்பது இளைஞர் கட்சி. இவ்வட்டாரத்தில் தற்போது ஆட்சியில் இருப்பது இரண்டாவது கட்சி. ஏரிக்கரையில் இத்தனை ஒற்றைச் செருப்புகள் ஏன் கிடக்கின்றன என்று வியக்கும் வெளியூரார் இதைக் குறித்துக்கொள்ளலாம். ரீல் வைத்த ராடோடு பைக்கில் வருகிறவர்களும் உண்டு. அவர்கள் ஏரியின் நடுவரைக்கும் எறிகிறார்கள். எறிவது பார்க்க அழகாக இருக்கிறது. அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்வதற்கில்லை.

இரை: சிறு கெண்டைக்கும் கெளுத்திக்கும் மண்புழு, ரோகு, சிலேபி என்றால் மைதா உருண்டையும் செல்லும், விராலுக்குத் தவளைக்குஞ்சு. புழு தோண்டச் சிறந்த இடம், பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடிப்போய்த் தேங்கும் வாழையடி. தோண்டியதை ஈரமண்ணோடு கொட்டாங்குச்சியில் போட்டு மேலே ஓர் இலையை மூடவேண்டும். இந்தக் கொட்டாங்குச்சி பின்னால் நமக்குச் சான்றாகப் பயன்படும்.

இனி முக்கியப் பகுதி. மீன் ஓரிடத்தில் நிற்பதற்குச் சொந்தக் காரணங்கள் வைத்திருக்கிறது. மதகுக்குப் பக்கத்தில் தண்ணீர் இழுத்து இழுத்துக் குழி விழுந்திருக்கும். கோடையில் மற்ற இடமெல்லாம் கொதிக்கும்போது அந்தக் குழியில் மீன் அடையும். ஐப்பசி மழையில் வரத்து வாய்க்காலிலிருந்து செந்தண்ணீர் ஏரிக்குள் விழும் வாயில், எதிர்நீச்சல் போட்டு ஏறக் கெண்டையும் கெளுத்தியும் வந்து முட்டும். அத்திமரம் தண்ணீர்மேல் கிளை நீட்டியிருந்தால் பழம் உதிரும் பருவத்தில் அதன் அடி நல்ல இடம். வெங்காயத்தாமரை அடைத்த ஏரியில் அதன் விளிம்பு. பாத்திரம் துலக்கும் படித்துறையில் சோற்றுப் பருக்கைக்காகக் கெண்டைக்குஞ்சுகள் காலைக் கடிக்கும் அளவுக்கு மொய்த்த காலம் ஒன்று உண்டு. வீட்டுக்கு வீடு குழாய் வந்தபின் அந்தப் படித்துறைகளின் பொருளாதாரம் சரிந்துவிட்டது.

சிலேபியைத் தனியே சொல்லவேண்டும். 1952-ல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்ட இம்மீன் இன்று எந்த ஏரியிலும் பரம்பரைப் பட்டா வைத்திருப்பவன் போல் நடந்துகொள்கிறது. தண்ணீர் வடிந்து தெளியும்போது ஓரத்துச் சேற்றில் தட்டுத் தட்டாகப் பள்ளங்கள் தெரியும். ஆண் சிலேபி வாயால் தோண்டியவை அவை. பெண் அங்கே முட்டையிட்டு, முட்டையை வாயில் அள்ளிக்கொண்டு கிளம்பிவிடும். பொரித்து, குஞ்சு தானே நீந்தும்வரை வாய்தான் தொட்டில். அதுவரை அதற்குப் பெரும்பாலும் பட்டினி. ஆகவே ஆண்டின் பெரும்பகுதியில் ஏரியிலுள்ள சிலேபிகளில் ஒரு பங்கு விரதத்தில் இருக்கிறது. வெறும் பையோடு திரும்புகிறவர் வீட்டில் எடுத்துச் சொல்வதற்கு, அறிவியல் ஆதாரம் உள்ள சாக்கு இது ஒன்றே.

விடியற்காலைக் கொள்கையும் ஆராயத்தக்கது. தெளிந்த தண்ணீருக்கு அது பொருந்தும். பாசி பிடித்துப் பச்சையாய்க் கிடக்கும் குளத்திலோ இரவெல்லாம் பாசியும் சேர்ந்து மூச்சு விடுவதால், தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் விடியும் வேளையில்தான் ஆகக் குறைவு. மீன்கள் வாயை மேலே வைத்துக் காற்றுக்குத் தவிக்கும் நேரம் அது, தின்னும் நேரமில்லை. இருட்டோடு வந்தவர் அதைப் பார்த்து, “மேலாக்கத் திரியுது, இன்னைக்கு வேட்டைதான்” என்று பூரிக்கிறார். வெயில் ஏறியபின் வேப்பங்குச்சியைக் கடித்துக்கொண்டே வருகிறவர் பிடிக்கிறார். முன்னவரின் பக்திக்குப் பலன் பின்னவருக்குப் போய்விட்டதாக ஊரில் பேசிக்கொள்கிறார்கள்.

மனிதன் ஓரிடத்தில் உட்கார்வதற்கான காரணங்கள் வேறு வகை. புங்கமர நிழல். சப்பையான ஒரு கல். பைக்கைக் கண்ணில் படும்படி நிறுத்த வசதி. கையைத் தட்டினால் டீக்கடைக்குக் கேட்கும் தூரம். இந்த நான்கும் கூடிய இடம் ஒவ்வொரு ஏரியிலும் ஒன்று உண்டு. அங்கே புல் தேய்ந்து மண் வழவழப்பேறிக் கிடக்கும். புதிதாக வருகிறவர் அந்த வழவழப்பைப் பார்த்து, இத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்களே, மீன் இல்லாமலா என்று தானும் உட்கார்கிறார். இவ்வாறு வழவழப்பு மேலும் வளர்கிறது.

இங்கேதான் பீடித் துண்டு ஆய்வுக்குள் நுழைகிறது. உட்கார்ந்திருந்தவரிடம் கேட்டுப் பயனில்லை என்பது களத்தில் நன்கு நிறுவப்பட்ட ஒன்று. “என்னண்ணே, ஏதும் கடிக்குதா?” என்றால், “எங்க தம்பி, பொழுதுக்கும் சும்மாத்தான் உக்காந்துருக்கேன்” என்பார், காலுக்குக் கீழே தண்ணீரில் கட்டிப்போட்ட சிமெண்டுச் சாக்கு துள்ளிக்கொண்டிருக்கும். உண்மையிலேயே ஒன்றும் கிடைக்காதவர்தான், “இப்பத்தான் கை நீளத்துக்கு ஒரு விரால் அத்துக்கிட்டுப் போச்சு” என்பார். வாய்மொழிச் சான்று இப்படித் தலைகீழாக இருப்பதால் தரையில் கிடக்கும் சான்றுக்குப் போகவேண்டியிருக்கிறது.

பீடி பற்றவைக்க இரண்டு கையும் வேண்டும். ஒன்று தீக்குச்சிக்கு, ஒன்று காற்றை மறைக்க. தக்கை ஆடிக்கொண்டிருக்கும் இடத்தில் எவனுக்கும் இரண்டு கை ஓய்வாக இருப்பதில்லை. ஆகவே துண்டுகள் குவிந்து கிடக்கும் இடம் மீன் கடிக்காத இடம். துண்டு குறைவாகவும், காய்ந்த செதிலும், சிதறிய புழு மண்ணும், கவிழ்ந்த கொட்டாங்குச்சியும் காணப்படும் இடமே நாம் தேடுவது. இதைப் பீடி விதி என்று பெயரிட்டு அவையின் முன் வைக்கிறோம். துண்டின் நீளமும் கவனிக்கத்தக்கது. நூல் கட்டுவரை இழுத்துப் போட்ட துண்டு, நெடுங்காலச் சலிப்பு. பாதியில் வீசிய நீளத் துண்டு கிடந்தால் அந்தக் கணத்தில் தக்கை முழுகியிருக்கிறது. அவ்விடத்தில் மறுபேச்சின்றிக் கோலை ஊன்றலாம்.

விதிக்கு மறுப்புகள் எழாமலில்லை. துண்டைத் தண்ணீரில் எறிகிறவர்கள் சான்றை அழிக்கிறார்கள். வெற்றிலை போடுகிறவர்கள் வேறு வகைத் தடயம் விட்டுப்போகிறார்கள். மெல்ல ஒரு கையும் வேண்டியதில்லை என்பதால் அந்தச் சிவப்புக் கறையைக் கொண்டு எதையும் நிறுவ முடியவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும் பையன்கள் எங்கே நின்றாலும் பிடிக்கிறார்கள். அவர்களை எந்த விதிக்குள்ளும் அடக்க முடியாததால் இவ்வாய்விலிருந்து விலக்கியிருக்கிறோம். ஆய்வுலகில் இதற்கு முன்மாதிரிகள் நிறைய உண்டு.

உட்கார்ந்தாயிற்று. உட்கார்வதற்கே ஒரு பௌதிகம் இருக்கிறது. தண்ணீருக்கடியிலிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் தலைக்கு மேலே ஒரு வட்டத்துக்குள் சுருண்டு தெரியும். அந்தக் கூம்பின் கோணம் ஏறக்குறைய 97 டிகிரி. கரையோரம் குந்தியிருப்பவர் அந்த வட்டத்தின் விளிம்பில் நசுங்கிப் போகிறார், எழுந்து நிற்பவர் உள்ளே தலையை நீட்டுகிறார். இடுப்புக் கைலியைச் சரிசெய்ய எழும்போதெல்லாம் மீன் விலகுவது இதனால்தான்.

அடுத்து, பேச்சு. கரையில் எவனாவது வாயைத் திறந்தால், “சத்தம் போடாதடா, மீன் ஓடிரும்” என்று பெரியவர் அதட்டுவார். காற்றில் எழும் குரல் தண்ணீரின் மேற்பரப்பில் பட்டு ஏறத்தாழ முழுவதும் திரும்பிவிடுகிறது. மீனுக்குப் போய்ச் சேருவது அற்பம். காலடி அப்படி இல்லை, மண் வழியாக நேரே இறங்கும். கெண்டைக்கும் கெளுத்திக்கும் காற்றுப்பையிலிருந்து உட்காது வரை சின்னஞ்சிறு எலும்புகள் சங்கிலியாகக் கோத்திருப்பதால் காது ரொம்பக் கூர்மை. ஆக, அதட்டுவதற்காகத் திமுதிமுவென்று எழுந்து நடந்து வந்த பெரியவரே மீனை விரட்டியவர். இதை அவரிடம் சொல்ல முடியாது என்பது சமூகவியல் துறை சார்ந்த சிக்கல்.

தக்கையைப் படிப்பது ஒரு தனிக் கல்வி. நடுங்கி நடுங்கி நின்றால் கெண்டைக்குஞ்சு புழுவின் வாலைக் கொறிக்கிறது, இழுப்பது வீண். சறுக்கிக்கொண்டு பக்கவாட்டில் போனால் சிலேபி. மெதுவாக, அவசரமே இல்லாமல், கீழே கீழே போய் மறைந்தால் கெளுத்தி. முள்ளை வயிறுவரை விழுங்கியிருக்கும். தூக்கும்போது மார்த்துடுப்பு முள்ளுக்குக் கையைக் கொடுத்தால் சாயங்காலம்வரை கடுக்கும். நேரே நின்ற தக்கை திடீரென்று படுத்துக்கொண்டால் புதியவர்கள் அறுந்துவிட்டது என்று நினைப்பார்கள். அடியில் மேயும் மீன் இரையைக் கவ்வித் தலையைத் தூக்கியதில் ஈயத்தின் பாரம் இல்லாமல் போனதே காரணம், அப்போதே சுண்டவேண்டும். விராலுக்குப் படிக்க ஒன்றுமில்லை, கோலே போய்விடும். செம்மஞ்சளாய் நூற்றுக்கணக்கில் குஞ்சு மேலே வந்து குமிழியிட்டால் தாயும் தகப்பனும் அடியில் காவல் நிற்கின்றன என்று பொருள். அங்கே தவளையை ஆட்டினால் ஆத்திரத்தில் கவ்வும். செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் தோட்டாக்காரனுக்கும் பெரிய வேற்றுமை இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

எஞ்சியிருப்பது மீன்பாசிக் குத்தகை. ஏரியை ஏலம் எடுத்தவர் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சு விட்டிருப்பார். வளர்க்கத் தவிடும் கடலைப் பிண்ணாக்கும் கலந்து சாக்கில் கட்டி, கம்பு நட்டுத் தண்ணீரில் தொங்கவிடுவார். வழக்கமாக மதகை ஒட்டித்தான், காவல் கொட்டகையிலிருந்து கண்ணுக்குத் தெரியும்படி. ஆழம், உணவு, பழக்கம் மூன்றும் ஒருங்கே அமைந்த இடம் அந்தச் சாக்கடி. பீடி விதிப்படி சோதித்ததில் அங்கே ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை. காவல்காரர் பெரும் புகைஞர், காதில் ஒன்று செருகியபடியே இருக்கிறது; பற்றவைக்கத்தான் நேரம் வாய்க்கவில்லை. அவர் காலடியில் மைதா உருண்டைகள் வரிசையாக இருந்தன.

“மாமா, ஆராய்ச்சிக்காகத்தான். ஒரு அஞ்சு நிமிசம் இங்க போட்டுப் பாத்துக்கட்டுமா?”

“குத்தகைக்காரரு பாத்தா ரெண்டு பேரு தோலையும் உரிச்சிருவாரு மாப்ள. அந்தா, புங்கமரத்தடியில போயி உக்காரு. நல்ல நெழலு, கல்லும் கெடக்கு. ஊரே அங்கதான உக்காருது!”