நெஞ்சில் கட்டிய சீழ்: கேள்வி-பதில்

கேள்வி: மாமாவுக்கு நிமோனியா. 'சீழ் நுரையீரலுக்கு வெளியேதான்' என்கிறார் டாக்டர். வெளியே என்றால் நல்லதுதானே?

பதில்: பாம்பு வீட்டுக்குள் இல்லை, ஓட்டுக்கும் உத்தரத்துக்கும் நடுவில்தான் என்றால் தூக்கம் வருமா? நுரையீரலைச் சுற்றி இரண்டு மெல்லிய உறைகள், நடுவே வழுக்கலுக்குச் சில மில்லிலிட்டர் நீர். கிருமி அங்கே புகுந்தால் நீர் பெருகி, கலங்கி, சீழாகும். பெயர் எம்பயீமா.

கேள்வி: ஆன்டிபயாடிக் இருக்க, விலாவில் குழாய் எதற்கு?

பதில்: கட்டிய சீழில் மருந்தின் வேலை மந்தம். ஊசியில் சீழ் வந்தாலோ, நீரின் பிஹெச் 7.2-க்குக் கீழே போனாலோ பொதுவாகக் குழாய்தான். நாள் கடத்தினால் சீழ் அறை அறையாகப் பிரிந்து, தடித்த தோலாகி நுரையீரலை விரியவிடாமல் இறுக்கும். பிறகு அறுவை சிகிச்சை.

கேள்வி: அப்படியானால் முதல் நாளே நெஞ்சைக் கீறித் திறந்துவிடலாமே?

பதில்: அமெரிக்க ராணுவ முகாம்களில் 1918-இல் அதைத்தான் செய்தார்கள். சராசரியாக நூற்றுக்கு 30 பேர் போய்ச் சேர்ந்தார்கள். உறைகள் ஒட்டாத நிலையில் திறந்தால் வெளிக்காற்று பாய்ந்து நுரையீரல் சுருங்கிவிடும் என்பதை அறுவை மருத்துவர் இவார்ட்ஸ் கிரஹாம் இருந்த ராணுவக் குழு கண்டறிந்தது. காற்றுப் புகாமல் சீழை எடுக்கச் சொன்னார்கள். சாவு சட்டென்று குறைந்தது. (இதே கிரஹாம்தான் 1950-இல் சிகரெட்டையும் நுரையீரல் புற்றுநோயையும் முடிச்சுப் போட்டுக் காட்டியவர். அவரே புகைத்தவர். 1957-இல் அதே நோயில் இறந்தார்.)

கேள்வி: குழாயின் மறுமுனை ஏன் பாட்டில் தண்ணீரில்?

பதில்: காற்று வெளியே வரும், திரும்பிப் போகாது. பாட்டில் நெஞ்சுக்குக் கீழேயே இருக்க வேண்டும். ஆர்லிக்ஸோடு வரும் உறவினர், கால் இடறுகிறதே என்று அதைத் தூக்கிக் கட்டில்மேல் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பெரிய டாக்டர்களை இது விட்டுவைக்குமா?

பதில்: மருத்துவ மாணவர்களின் பாடநூலை 1892-இல் எழுதிய வில்லியம் ஆஸ்லர், 1919 டிசம்பர் 29-இல் ஆக்ஸ்போர்டில் இறந்தார். நிமோனியா, அதன் பின்னால் எம்பயீமா.

கேள்வி: சொத்தைப் பல்லுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டாமே?

பதில்: உண்டு. ஈறு அழுகியவர் குடித்து நினைவிழந்து கிடக்கும்போது எச்சில் மூச்சுக்குழாயில் இறங்கினால், வாய்க் கிருமிகளும் கூடவே இறங்கும். அந்தச் சீழின் நாற்றம், வார்டுக்குள் நுழையும்போதே தெரியும்.