ஓடும் அடுப்பும் ஓடாத லயமும்: ஊவா மாகாண வெப்பக்காற்றுச் சமையல் குறித்த ஒரு விசாரணை

1. நுவல்பொருள்

அடுப்பு இரு வகைப்படும்: நிற்பது, ஓடுவது. நிற்பது மறுபடியும் இரு வகைப்படும்: புகைவது, புகையாதது. ஓடும் அடுப்புக்கு இக்காலத்து உதாரணம், கேம்பர் வேனுக்குள் பொருத்திய கன்வெக்ஷன் மைக்ரோவேவ். அதன் நுண்ணலை உணவிலுள்ள நீரைச் சூடாக்கும். கம்பிச்சுருள் காற்றைக் காய்ச்சும். விசிறி அந்தக் காற்றைச் சுழற்றி மேற்புறத்தைச் சிவக்க வைக்கும். இடமில்லாத வீட்டுக்கு இதற்கு மிஞ்சிய அடுப்பில்லை என்பது வேன்காரர் துணிபு. அது ஊவாவின் பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் செல்லுமா என்பதே இங்கு ஆராயப்படும்.

2. இடவியல்

வேனின் சமையலறை மிகச் சிறிது என்பர். தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பான லயத்தில் ஒரு காம்பரா, அதாவது அறை, பத்தடிக்குப் பன்னிரண்டடி. வேன் அதைவிடச் சற்றுக் குறுகலாகவும் இருக்கலாம். ஆனால் வேனில் இருவர் இரண்டு வாரம் இருப்பர். காம்பராவில் மூன்று தலைமுறை, நூறாண்டுக்கு மேல். சிற்றிடச் சமையலில் மூத்தோர் யாவர் எனின், விடை வெளிப்படை.

வேனுக்குச் சக்கரம் உண்டே, லயத்துக்கு இல்லையே எனின், அது மறுப்பாகாது. லயம் மட்டுந்தான் நிற்கிறது. உள்ளே இருப்பவர்கள் விடியலில் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்கு ஓடுகிறார்கள், பிறகு மலைக்கு ஓடுகிறார்கள், பொழுதிறங்கும்போது கொழுந்து நிறுக்க ஓடுகிறார்கள்.

3. உயரவியல்

ஏறக்குறைய ஒவ்வொரு 300 மீற்றர் ஏற்றத்துக்கும் நீரின் கொதிநிலை 1 பாகை இறங்கும். பதுளை நகரம் சுமார் 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே 98 பாகையை எட்டுமுன் நீர் கொதித்துவிடும். அப்புத்தளை 1,400 மீற்றருக்கு மேல். அங்கே 95ஐ ஒட்டியே கொதி வந்துவிடும். தேயிலை வணிகர் லிப்டன் அமர்ந்து தோட்டங்களைப் பார்த்ததாகச் சொல்லப்படும் மேட்டில் வேனை நிறுத்திப் பருப்பு வேகவைப்பவர், இயற்கைக் காட்சியை நெடுநேரம் ரசிக்கக் கடமைப்பட்டவர். நுண்ணலையால் சூடேறினாலும் நீர் நீர்தான்.

ரொட்டிக்கு இந்த இடர் இல்லை. மலை உயர்ந்தாலும் ரொட்டிக்கல்லின் சூடு தாழ்வதில்லை. ஆகவே தோட்டத்து மக்கள் கோதுமை மா ரொட்டியையும் சம்பலையும் தெரிந்தெடுத்தது பௌதிகப் புலமையால் என்பது எமது கட்சி. விடியலில் நேரம் இல்லை, கையில் காசும் இல்லை என்பது எதிர்க்கட்சி. எதிர்க்கட்சியிடம் பௌதிகம் இல்லை. உண்மை மட்டுமே உண்டு.

4. ஆற்றலியல்

1,500 வாட் இழுக்கும் மைக்ரோவேவை 12 வோல்ட் பற்றரியில் ஓட்டினால் 125 ஆம்பியர் ஓடும். 100 ஆம்பியர்-மணிப் பற்றரி ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. லயத்து அடுப்பின் பற்றரி, தேயிலைச் செடியைக் கவ்வாத்து செய்கையில் வெட்டி விழும் மிலாறு. அதைத் தலையில் சுமந்து வந்து அடுக்கி வைத்தால் சார்ஜ் ஏறிவிடும்.

விசிறி எங்கே எனின், ஊதாங்குழல் என்க. அதன் மின்வழங்கி பாட்டியின் நுரையீரல். மூச்சால் செலுத்தும் காற்றையும் கன்வெக்ஷன் என்னலாமோ எனின், என்னலாம். விசிறி பெட்டிக்குள்ளேதான் இருக்க வேண்டும் என்று எந்த நூலும் விதிக்கவில்லை. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. வேன் அடுப்பில் காற்று சுழலும், உணவு சிவக்கும். லய அடுப்பில் புகை சுழலும், கண் சிவக்கும்.

5. ஸ்டோரியல்

இதனால் ஊவாவில் முறையான வெப்பக்காற்று அடுப்பே இல்லை என்று கொள்ளற்க. ஸ்டோர் எனப்படும் தேயிலைத் தொழிற்சாலைகளில் அது வேண்டிய அளவு உண்டு. சாமுவேல் டேவிட்சன் 1881இல் பெல்ஃபாஸ்ட் நகரில் நிறுவிய சிரொக்கோ தொழிற்சாலை, தேயிலை உலர்த்தும் இயந்திரங்களுக்குப் பேர்போனது. ஊவாவில் லிப்டனின் தம்பேதன்ன ஸ்டோர் 1890இல் எழுந்தது. உலர்த்தியின் முறை இது: உலையில் விறகு எரியும், அதன் புகை தனிக்குழாய் வழியே வெளியேறும், சூடேறிய தூய காற்றை மட்டும் விசிறி இலைமேல் செலுத்தும். சுமார் 95 பாகைக் காற்றில் 20 நிமிடம் கிடந்தால் இலையின் ஈரம் 3 வீதத்துக்கு இறங்கும். வானமும் தன் பங்குக்கு யூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்றை அனுப்பி, ஊவாத் தேயிலைக்கு அதன் பேர்பெற்ற வாசத்தைக் கொடுக்கிறது.

இவ்வளவு உபசாரம் ஏன் எனின், இலையில் புகைவாசம் ஏறினால் சுவைஞர் முகம் சுளிப்பார். ஏலத்தில் விலை விழும். ரொட்டியில் புகைவாசம் ஏறினால் விழுவதற்கு அதற்கு விலை இல்லை. பறித்தவளின் நெஞ்சில் ஏறினாலோ, அதைச் சுவைத்துப் பார்க்க ஆளே இல்லை.

6. முடிபு

அ) வேன்காரர் மலையேறுமுன் பருப்பை ஊறவைக்க.

ஆ) வெப்பக்காற்றுச் சமையல் ஊவாவுக்குப் புதிதன்று. இதுவரை அது இலைக்கு வாய்த்தது, மனிதருக்கு வாய்க்கவில்லை.

இ) ஆகவே தோட்ட நிர்வாகத்தாரும் வீடு கட்டித்தர வாக்களிப்போரும் கவனிக்க: கன்வெக்ஷன் எல்லாம் வேண்டாம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் புறம்பான ஒரு சமையலறையும், கூரைக்கு மேலே எழும் ஒரு புகைபோக்கியும் கட்டிக் கொடுங்கள். கொழுந்துக்குச் செய்கிற மரியாதையில் அது பாதிகூட ஆகாது.