உங்க வசதிக்காகத்தான் அண்ணாச்சி

அண்ணாச்சி: தம்பி, இந்தக் கீழ்வரிசையில யார் யாரு நிக்கான்னு ஒரு தடவை வாசி.

தம்பி: பிரவுசர், மெயில், ஆப் ஸ்டோர், வீடியோ கால், செய்தி, வானிலை, ஆன்டிவைரஸ், சீட்டு விளையாட்டு, கால்குலேட்டர்... கடைசியில உங்க பில்லிங் சாஃப்ட்வேர்.

அண்ணாச்சி: இதுல நான் கேட்டு வாங்குனது எது?

தம்பி: கடைசியா இருக்கிறது.

அண்ணாச்சி: மீதி?

தம்பி: அதெல்லாம் உங்க வசதிக்காக அவங்களே வச்சுக் கொடுக்கிறது அண்ணாச்சி.

அண்ணாச்சி: சரி. ஒரு கிலோ துவரம்பருப்பு கேட்டு வாரவங்க பையில, ரெண்டு ஷாம்பு, ஒரு கொசுவத்தி, ஒரு பாட்டில் ஊறுகாயும் சேத்துப் போட்டு, “உங்க வசதிக்காக”ன்னு நானும் சொல்லட்டுமா? மறுநா நம்ம கடைப்படி ஏறுவாங்களா?

தம்பி: இது கம்ப்யூட்டர், பருப்பில்ல அண்ணாச்சி.

அண்ணாச்சி: அதாம்ப்பா. பருப்புக்கு எவன் 45,000 ரூவா கொடுக்கான்?

தம்பி: கோவப்படாதீங்க. ரெண்டு நிமிஷ வேலை. ஐகான் மேல மௌஸை வச்சு ரைட் கிளிக். ‘அன்பின் ஃப்ரம் டாஸ்க்பார்’னு வருதா? அமுக்கினேன். போயிடுச்சு.

அண்ணாச்சி: ஒழிஞ்சான்.

தம்பி: வரிசையில இருந்துதான் போயிருக்கு. மெஷினுக்குள்ள இருக்கும். ஷார்ட்கட்ங்கிறது வெறும் வழிதானே.

அண்ணாச்சி: போர்டைக் கழட்டிட்டு, ஆளை உள்ள உக்கார வச்சிருக்க. ஆளையும் வெளிய அனுப்பு.

தம்பி: அதுக்கு செட்டிங்ஸ்ல ஆப்ஸ் போய் அன்இன்ஸ்டால் பண்ணணும். இது போச்சு... இதுவும் போச்சு... இது மட்டும் போகாது.

அண்ணாச்சி: அவன் மட்டும் என்ன மாப்பிள்ளையா?

தம்பி: பட்டன் மங்கலா இருக்கு பாருங்க. அமுக்கினாலும் அமுங்காது.

அண்ணாச்சி: எதுக்கு மங்கலா வச்சிருக்கான்?

தம்பி: உங்க வசதிக்காகத்தான். தெரியாம அழிச்சுட்டீங்கன்னா?

அண்ணாச்சி: நான் தெரிஞ்சுதான் அழிக்கச் சொல்லுதேன்!

(மங்கலான பட்டனை முதன்முதலில் யோசித்த புண்ணியவானுக்கு எங்காவது சிலை வைத்திருக்கிறார்களா என்று விசாரிக்க வேண்டும். முடியாது என்று வாயைத் திறந்து சொல்லாமலே முடியாது என்று சொல்கிற வித்தை அது. அலுவலக ஜன்னல்களில் உட்கார்ந்திருப்பவர்களுக்குக்கூட இன்னும் முழுசாகக் கைவரவில்லை.)

தம்பி: இந்தத் தேடல் பெட்டிக்கும் வானிலைக்கும் ‘அன்பின்’ வராது. டாஸ்க்பார் செட்டிங்ஸ்ல தனித்தனியா சுவிட்ச் இருக்கு. அங்க போய் அணைக்கணும்.

அண்ணாச்சி: வெயிலடிக்கிறது எனக்கு வாசல்ல தெரியாதாக்கும்? அணை. அப்புறம் இன்னொண்ணு கேக்கணும். காலையில ஆன் பண்ணுனா பில் போடவே விடமாட்டேங்கு. ஆட்கள் பையைத் தூக்கிட்டு நிக்காங்க. இந்தக் கூட்டத்தாலதானே?

தம்பி: கீழ இருக்கிற ஐகானால மெஷின் மந்தமாகாது. ஆன் பண்ணும்போதே தானா எழுந்து ஓடுற ஆட்கள் வேற. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேத்து அமுக்குங்க. டாஸ்க் மேனேஜர் வருதா? அதுல ஸ்டார்ட்அப்னு ஒரு பக்கம். எத்தனை பேர் நிக்கிறாங்க பாருங்க.

அண்ணாச்சி: ரேஷன் கடை வரிசை கெட்டுது.

தம்பி: வேண்டாததுக்கு ‘டிசேபிள்’ கொடுத்துட்டா நாளைக்குக் காலையில எந்திரிக்காது. இந்த வீடியோ கால் இருக்கே, நீங்க ஓரத்துல பெருக்கல் குறியை அமுக்கி மூடியிருப்பீங்க. மூடாது. கடிகாரத்துக்குப் பக்கத்துல, அம்புக்குறிக்குள்ள போய் உக்காந்துக்கும்.

அண்ணாச்சி: அது யாரு வசதிக்கு?

தம்பி: உங்க... சரி, விடுங்க.

அண்ணாச்சி: விட மாட்டேன். இந்தா பாரு, நம்ம முன்வரிசை. சோப்புக் கம்பெனி சரக்கு கண்ணுக்கு நேரா நிக்கணும்னா, டிஸ்ப்ளேக்குன்னு எனக்குக் காசு தாரான். என் அலமாரி, என் இடம், எனக்கு வாடகை. இந்த லேப்டாப் யாரோடது?

தம்பி: உங்களோடது.

அண்ணாச்சி: அப்ப இந்தக் கீழ்வரிசைக்கு வாடகை எனக்குல்லா வரணும்?

தம்பி: அது... லேப்டாப் செய்றவங்களுக்குப் போகும். ட்ரையல் சாஃப்ட்வேரை முன்கூட்டியே ஏத்தி விக்கிறதுக்கு சாஃப்ட்வேர்காரங்க காசு கொடுக்கிறது இந்தத் தொழில்ல பழைய வழக்கம்தான். அதனால மெஷின் விலையும் கொஞ்சம் குறையும்னு சொல்வாங்க.

அண்ணாச்சி: குறைஞ்சதை எந்த பில்லுல காட்டுனான்? எடு பார்ப்போம்.

(தம்பி பில்லை எடுக்கவில்லை. அந்த நேரம் பார்த்துத் திரையின் ஓரத்தில் ஒரு பெட்டி எழுந்து வந்தது.)

அண்ணாச்சி: இது யாரு?

தம்பி: அக்கவுண்ட் தொடங்கச் சொல்லுது. ‘இப்போது’, ‘பிறகு நினைவூட்டு’ன்னு ரெண்டு பட்டன்.

அண்ணாச்சி: ‘வேண்டாம்’ எங்க?

தம்பி: அது கிடையாது.

அண்ணாச்சி: எதுத்த வீட்டு வாத்தியாருக்கு இதே மாதிரி ஒரு பெட்டிதான் வந்துச்சு. செவப்பு எழுத்து. “உங்க கம்ப்யூட்டருக்குப் பாதுகாப்பு இல்லை”ன்னு. ஓசியா கொடுத்த ஆன்டிவைரஸுக்கு நாள் முடிஞ்சுபோச்சாம். மனுசன் பேரன் படமெல்லாம் போயிரும்னு பயந்து கார்டு நம்பரைப் போட்டுட்டார். மறுவருசம் கேக்காமலே காசை எடுத்திருக்கான். பென்சன் காசு தம்பி.

தம்பி: ஆட்டோ ரின்யூவல். பணம் கட்டும்போது கீழ ஒரு டிக் இருந்திருக்கும். அதை எடுத்திருக்கணும். யாரும் படிக்கிறதில்ல அண்ணாச்சி, எல்லாரும் நெக்ஸ்ட் நெக்ஸ்ட்னு அமுக்கிட்டே போறாங்க.

அண்ணாச்சி: யாரைப் படிக்கலைன்னு சொல்லுத? ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் எழுத்தறிவிச்ச மனுசன்டே அவரு! எறும்பு மாதிரி எழுத்து, சாம்பக் கலரு, அத்தனையும் இங்கிலீசு. படிக்கக் கூடாதுன்னே எழுதுனவன் யோக்கியன், படிக்கலைங்கவரு குத்தவாளியா? எடையில நான் பத்து கிராம் குறைச்சா, அதிகாரி வந்து சீல் வச்ச படிக்கல்லைத் தூக்கிட்டுப் போயிருவான். இவன் முழுப் பென்சன்ல கை வைக்கான், அதுக்கு வாத்தியார் டிக்கை எடுத்திருக்கணுமாம்!

(எடை போட்டுக்கொண்டிருந்த கடைப்பையன் சீனியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றுவிட்டான்.)

தம்பி: சட்டமெல்லாம் வந்துட்டுதான் இருக்கு அண்ணாச்சி. நம்ம நாட்லயே நுகர்வோர் சட்டத்துக்குக் கீழ 2023 நவம்பர்ல இந்த மாதிரி தந்திரங்களை 13 வகையாப் பிரிச்சு, கூடாதுன்னு விதி போட்டாங்க. திரும்பத் திரும்ப நச்சரிக்கிறதும் அதுல ஒண்ணு. நுகர்வோர் உதவிக்கு 1915ன்னு நம்பர் இருக்கு. வாத்தியாரைக் கூப்பிடச் சொல்லுங்க.

அண்ணாச்சி: இதை மொதல்ல சொல்லக் கூடாதா? அந்த மங்கல் பட்டனுக்கு?

தம்பி: அதுக்கு ஐரோப்பாவுல இருக்கு. 2022ல டிஜிட்டல் சந்தைச் சட்டம்னு போட்டாங்க. மெஷின் ஓடுறதுக்கே அவசியமானதைத் தவிர, பெரிய கம்பெனிங்க ஏத்தி வச்ச ஆப்பை வாங்கினவர் சுலபமா நீக்க முடியணும். 2024 மார்ச்ல இருந்து அவங்க அதைக் கடைப்பிடிச்சே ஆகணும்.

அண்ணாச்சி: அப்ப ஐரோப்பாக்காரனுக்கு மட்டும் வசதி வேண்டாமாக்கும்?

தம்பி: (சிரிப்பை அடக்கிக்கொண்டு) முடிஞ்சது அண்ணாச்சி. பில்லிங், கால்குலேட்டர், ரெண்டே ரெண்டு. ஆனா ஒண்ணு, பெரிய அப்டேட் வந்தா சிலது திரும்பி வரும். அப்ப மறுபடி இதே ரைட் கிளிக்தான்.

அண்ணாச்சி: திரும்பி வாரது இருக்கட்டும். ரெண்டுங்க, மூணு தெரியுதே. பச்சைக் கலர்ல இது யாரு?

தம்பி: அதுவா... அது நம்ம சர்வீஸ் சென்டரோடது. ஏதாவது பிரச்சனைன்னா நான் அங்க இருந்தே உங்க மெஷினுக்குள்ள வந்து...

அண்ணாச்சி: யாரு வசதிக்காக?

தம்பி: ...

அண்ணாச்சி: எடு.

தம்பி: எடுத்துட்டேன்.

அண்ணாச்சி: வரிசையில இருந்தா, மெஷின்ல இருந்தா?

தம்பி: மெஷின்ல இருந்தே எடுத்துட்டேன் அண்ணாச்சி.

அண்ணாச்சி: வேணுமான்னு கேளு. வேண்டாம்னா விட்டுரு. தெருவுக்குத் தெரு மளிகைக்கடை வச்சிருக்கவன் அதைத்தான் பண்ணுதான், அதுக்கு இஞ்சினியரிங் படிக்கணும்னு இல்ல. சரி, பில்லைப் போடு. நான் கேட்டதுக்கு மட்டும் போடு.