மாப்பிள்ளை இல்லாத கார்

வண்டியை எடுத்த மறுநாள் காலை, திருநெல்வேலி வண்ணார்பேட்டை சிக்னலில் நிற்கிறேன். பக்கத்தில் ஒரு ஷேர் ஆட்டோ. அதிலிருந்து ஓர் ஆச்சி தலையை நீட்டி என் பின்சீட்டைப் பார்த்தார். பிறகு முன்சீட்டைப் பார்த்தார். கடைசியாக, வேறு வழியில்லாமல், என்னைப் பார்த்தார்.

“ஏ தம்பி, மாப்பிள்ளை எங்கய்யா?”

“இது என் வண்டி ஆச்சி. மாப்பிள்ளையெல்லாம் கிடையாது.”

“அப்ப பொண்ணழைப்பா?”

பச்சை விழுந்துவிட்டதால் தப்பித்தேன். ஆட்டோவில் இருந்த ஏழு பேரும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள். கல்யாணம் நின்றுபோன வீட்டுக் காரைப் பார்க்கிற பார்வை அது.

வண்டி 1966-ஆம் வருஷத்து ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. இரண்டு கதவு. பிரிட்டனில் 1959-இல் ட்ரையம்ஃப் என்ற பெயரில் வந்ததை, 1961 முதல் நம் வண்டலூரில் ஸ்டாண்டர்ட் கம்பெனியார் செய்தார்கள். உருவம் வரைந்து கொடுத்தவர் மிக்கெலோட்டி என்கிற இத்தாலியர். அம்பாசடருக்குப் பக்கத்தில் இதை நிறுத்தினால் தவிலுக்குப் பக்கத்தில் நாயனத்தைச் சாய்த்துவைத்த மாதிரி இருக்கும். சேஸிஸ் தனி, பாடி தனி. பாடியும் ஒரே துண்டு கிடையாது. பகுதி பகுதியாகச் செய்து போல்ட் போட்டு முடுக்கியது. கூரையும் அப்படித்தான். ஸ்பானரும் அரைநாள் லீவும் இருந்தால் கழற்றிவிடலாம். என் வண்டிக்கு எப்போதோ முடியிறக்கிவிட்டார்கள். எந்தக் கோயிலுக்கு நேர்ந்துகொண்டார்கள் என்றுதான் தெரியவில்லை.

எனக்கு விற்றவர் கார் பந்தயப் பித்தர். ஹெரால்டுக்குப் பிறவியில் வாய்த்தது 948 சிசி இஞ்சின், ஏறக்குறைய 35 குதிரைத்திறன். அது அவருக்குப் போதவில்லை. மாருதி ஜிப்சியின் 1298 சிசி இஞ்சினைக் கொண்டுவந்து உள்ளே உட்காரவைத்தார். பதினாறு வால்வு, 80 குதிரைத்திறன். மாருதி 800-இல் இஞ்சின் குறுக்குவாக்கில் கிடக்கும், ஜிப்சியில் நீளவாக்கில் இருக்கும், அதனால் ஹெரால்டின் மூக்குக்குள் அது ஒழுங்காக அடங்கும் என்று வெற்றிலை மடிப்பது போல விளக்கினார். கேம் ஷாஃப்டை மாற்றி, பின்னால் இரட்டைப் புகைக்குழாயும் வைத்திருந்தார். வண்டியின் மொத்த எடையே சுமார் 800 கிலோதான். கோயில் வில்வண்டியில் ஜல்லிக்கட்டுக் காளையைப் பூட்டிய கதை.

“அண்ணாச்சி, நாலாயிரம் ஆர்.பி.எம். தாண்டினாத்தான் இது முழிக்கும். அதுக்குக் கீழ தூங்கும்,” என்றார். அந்த ஒரு வாக்கியத்தை நான் கவனமாகக் கேட்டிருக்க வேண்டும்.

என் மனைவி கேட்டது ஒரே கேள்வி: “கூரை இல்லாத வீட்டுக்கு அட்வான்ஸ் குடுப்பீங்களா?”

பழைய வண்டி என்ற கௌரவமாவது கிடைக்குமா என்று பார்த்தேன். 2021-இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது: ஐம்பது வயது தாண்டி, பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் வைத்திருக்கும் வண்டியை ‘விண்டேஜ்’ என்று பதிவு செய்யலாம், தனி நம்பர் பிளேட்டே உண்டு. என் வண்டிக்கு வயசு இருக்கிறது, ஒழுக்கம் இல்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை நாற்கரச் சாலைக்குக் கொண்டுபோனேன். தாழையூத்து தாண்டியதும் மூன்றாவது கியரில் அழுத்தினேன். நாலாயிரத்தைத் தொட்டதும் அவர் சொன்னபடியே அது முழித்துக்கொண்டது. முதுகில் யாரோ இரண்டு கையையும் வைத்துத் தள்ளிய மாதிரி ஒரு வேகம். மணிக்கு எண்பதில் என் தொப்பி போயிற்று. அது போன இடம் கங்கைகொண்டான் மான் சரணாலயத்துப் பக்கம். புள்ளிமான் ஏதாவது அதைப் போட்டுக்கொண்டு திரிந்தால் ஆச்சரியப்படாதீர்கள். தொண்ணூறில் கண்ணில் தண்ணீர். என் மனைவி விவரமானவள். ஸ்கூட்டருக்கு வாங்கிய ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, பரிசல் ஏறியவள் போலக் கதவை இறுகப் பிடித்திருந்தாள். ஏதோ சொன்னாள்.

“என்னது?”

“...க்!”

“காத்தா? ஆமா, நல்ல காத்து!”

“பிரேக்!”

முன்னால் ஒரு டிராக்டர் சாவகாசமாகக் குறுக்கே திரும்பிக்கொண்டிருந்தது. இங்கேதான் எனக்கு ஞானம் பிறந்தது. விற்றவர் ஓடுவதற்குச் செலவழித்த பணத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட நிற்பதற்குச் செலவழிக்கவில்லை. ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேரை நிறுத்தவும் திருப்பவும் சக்கரத்தடியில் கட்டை போட்டுக்கொண்டே ஆட்கள் கூட நடப்பார்களே, அதுபோல எனக்கும் நாலு பேர் ஓடிவந்தால் சௌகரியமாக இருக்கும். இன்னொரு விஷயம், வளைவு. அந்தக் காலத்து ஸ்விங் ஆக்சில் வண்டிகளின் குணம் அது: திருப்பத்தில் வேகமாக நுழைந்துவிட்டு, பயந்துபோய் ஆக்சிலேட்டரைச் சட்டென்று விட்டால், பின்சக்கரங்கள் உட்காரப்போகும் நாயின் பின்னங்கால் போல உள்ளே மடங்கப் பார்க்கும். பயப்படக்கூடாது. பயம் வந்தால் வெளியே காட்டக்கூடாது. நாயிடமும் அதுதானே வழி?

நாற்கரச் சாலையை அத்தோடு விட்டேன். ஆற்றங்கரைச் சாலைக்கு மாறினேன்.

மேலப்பாளையம், முன்னீர்ப்பள்ளம், கோபாலசமுத்திரம், பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம். நாற்பது வருஷம் பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டுப் பார்த்த சாலை. கூரை போனபிறகுதான் தெரிந்தது, இதை நான் பார்த்ததோடு சரி, முகர்ந்ததே இல்லை. முன்னீர்ப்பள்ளத்தில் நாற்றங்கால் சேறு. பத்தமடையில் ஊறின கோரைப்புல்லின் வாசம். புதுப்பாயில் முதல் இரவு படுத்தவர்களுக்குத் தெரியும். கன்னடியன் கால்வாய்ப் பக்கம் வந்ததும் காற்றில் ஒரு பிடி குளிர்ச்சியை யாரோ சேர்த்துவிடுவார்கள். கல்லிடைக்குறிச்சிக்குள் நுழையும்போது அப்பளம் பொரிக்கிற எண்ணெய். மேற்கே பொதிகை மலை, தலையில் மேகத்தைச் சுற்றிக்கொண்டு. நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் இந்த வண்டி தூங்கிக்கொண்டே போகும்; நமக்கு எல்லாமே விழிப்பாக இருக்கும். அந்த ஒரு மணி நேரத்துக்காக நான் கொடுத்த விலை அதிகம் என்று எவன் சொன்னாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன், என் மனைவி தவிர.

ஆனால் கூரை என்பதை மனிதன் எதற்குக் கண்டுபிடித்தான் என்றும் அதே சாலையில்தான் தெரியும். மழை வெயிலெல்லாம் பிறகு. முதல் காரணம் டவுன் பஸ். பஸ்ஸின் ஜன்னலோரப் பெரியவர் வாய் நிறைய வெற்றிலையோடு வெளியே எட்டிப் பார்த்தால், சாதாரணக் காரில் இருப்பவன் கண்ணாடியை ஏற்றுவான். நான் வண்டியையே பின்னால் எடுக்க வேண்டும். இரண்டாவது, வைக்கோல் லாரி. வீரவநல்லூர் வரை அதன் பின்னால் போய்விட்டு இறங்கினால், நம்மைக் கன்றுக்குட்டி பார்க்கிற பார்வையில் ஒரு பாசம் தெரியும். மூன்றாவது, இலவச ஆலோசனை. பூட்டிய காருக்குள் இருப்பவனுக்கு யாரும் யோசனை சொல்வதில்லை. திறந்த காரில் இருப்பவன் திண்ணையில் இருப்பவன் மாதிரி. கண்டக்டர் படியில் தொங்கியபடி கேட்கிறார்: “என்ன அண்ணாச்சி, கூரை காத்துல போயிட்டா?”

படுதா உண்டு. பின்சீட்டுக்கு அடியில் மடித்துவைத்திருக்கிறது. அதை இழுத்து மாட்ட இரண்டு ஆளும் கால்மணி நேரமும் வேண்டும். மலையிலிருந்து சாரல் இறங்க இரண்டு நிமிஷம் போதும். எந்த ஊரில் எந்தப் பெட்ரோல் பங்க்கின் கொட்டகை அகலமானது என்று இப்போது தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

இனி ஆச்சியின் கேள்விக்கு வருகிறேன். வெளிநாட்டுப் படங்களில் திறந்த காரை ஓட்டுகிறவன்தான் கதாநாயகன். நம்மிடம் திறந்த கார் என்பது பின்சீட்டுக்காரருக்காக ஏற்பட்டது. ஜானவாசத்தில் கோட்டு மாட்டிய மாப்பிள்ளை. தேர்தலில் கும்பிட்டபடி நிற்கும் வேட்பாளர். கோப்பை வென்று வந்த கபடிக் குழு. ஊரே பார்க்க ஒருவரை உட்காரவைத்து மெல்ல நகர்த்துவதற்கான சாமான் அது, கிட்டத்தட்ட சப்பரம். ஸ்டியரிங் பிடித்தவன் சப்பரம் தூக்குகிறவன். எத்தனை கல்யாண ஆல்பம் வேண்டுமானாலும் புரட்டிப் பாருங்கள், ஜானவாசக் காரின் டிரைவருக்கு முழங்கைக்கு மேல் படம் இருக்காது.

ஆனி மாசம், ஒரு சாயங்காலம். கல்லிடைக்குறிச்சி அக்ரஹாரத் தெரு முனையில் காப்பிக்காக நிறுத்தினோம். பஞ்சகச்சத்தோடு ஒருவர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

“ஆறு மணிக்கு வரச் சொன்னா ஆறேமுக்காலுக்கா வரது? மாப்பிள்ளை கோயில் வாசல்ல நின்னுண்டிருக்கார்!”

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி ஹெல்மெட்டைக் கழற்றி, “வழியில கொஞ்சம் லேட்டாயிட்டு மாமா,” என்றாள். எனக்கு வாய்த்தவள்.

ஐந்து நிமிஷத்தில் பானெட்டில் பூச்சரம், கண்ணாடியில் சீரியல் பல்பு, பின்சீட்டில் கோட்டு சூட்டு மாப்பிள்ளை, அவரைச் சுற்றிலும் எண்ண முடியாத குழந்தைகள். முன்னால் நாதஸ்வரம். என் மனைவி அதற்குள் பெண்கள் கூட்டத்தில் கலந்து தலையில் பூ வைத்துக்கொண்டுவிட்டாள்.

நாலாயிரம் ஆர்.பி.எம்.முக்குக் கீழே தூங்கும் இஞ்சினை, ஆலாபனைக்கு நின்று நின்று போகும் நாதஸ்வரத்தின் பின்னால் ஓட்டுவது எப்படியிருக்கும் என்று யாரும் இதுவரை எழுதிவைக்கவில்லை. நான் எழுதுகிறேன். முதல் கியரில் கிளட்ச்சை முழுதாக விட்டால் நாயனக்காரர் மேல் ஏறும். விடாவிட்டால் கிளட்ச் பிளேட் கருகும். கருகியது. ஒரு பாட்டி, “சாம்பிராணி பேஷா இருக்கே” என்றார். ஐட்லிங்கில் அந்தக் கேம் ஷாஃப்ட் போடும் கணக்கு ஆதி தாளத்திலும் சேரவில்லை, மிஸ்ர சாப்பிலும் சேரவில்லை. தவில்காரர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். மூன்றாவது தடவை அதற்கு ஈடுகொடுத்து வாசிக்கத் தொடங்கிவிட்டார், வித்வான். டெம்பரேச்சர் முள் சிவப்பை நெருங்கியபோது புகைக்குழாயில் இரண்டு வெடி. குழந்தைகள் கைதட்டின. பஞ்சகச்சக்காரர் என் காதருகே குனிந்து, “வேட்டுக்குத் தனியா காசு கேக்கப்படாது, இப்பவே சொல்லிட்டேன்,” என்றார்.

தெருக்கோடிக்கு வந்தோம். அங்கே திரும்ப வேண்டும். ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் திண்ணை, நடுவில் படுத்திருக்கும் பசு. “வழக்கமா இங்க நாலு தடவை ரிவர்ஸ் எடுப்பா,” என்று யாரோ சொன்னார்கள். நான் ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடித்தேன். ஹெரால்டுக்கு முழுவட்டம் அடிக்க வெறும் 25 அடி போதும். லண்டன் டாக்ஸிக்குச் சமமான திருப்பம். மிக்கெலோட்டி காலத்துச் சொத்து அது, அதை மட்டும் எந்தப் பட்டறைக்காரரும் தொட்டிருக்கவில்லை. பசு எழுந்திருக்கவில்லை, மாப்பிள்ளையின் மாலை அசையவில்லை, வண்டி ஒரே இழுப்பில் திரும்பி வந்த வழியைப் பார்த்து நின்றது. திண்ணைகளில் இருந்து கைதட்டல். 80 குதிரைத்திறனுக்கு இதுவரை ஒருத்தரும் தட்டியதில்லை.

மாப்பிள்ளை இறங்கிப் போனார். தாம்பூலப் பையும் ஐந்நூறு ரூபாயும் கைக்கு வந்தன. “டிரைவர்களுக்குப் பின்கட்டுல எலை போட்டிருக்கு. சாப்ட்டுட்டுப் போங்கோ.”

கூடத்தைத் தாண்டும்போது முதல் பந்தியில் என் மனைவி பாயசத்தில் இருந்தாள். பக்கத்து மாமி, “நீங்க பொண்ணு பக்கமா, மாப்பிள்ளை பக்கமா?” என்று கேட்டது காதில் விழுந்தது. “நான் கார் பக்கம்,” என்றாள்.

பின்கட்டில் ஒருவர் ஏற்கெனவே இலைமுன் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, பையில் வண்டிச் சாவி. தென்காசியிலிருந்து வர வேண்டிய நிஜமான ஜானவாசக் கார் வழியில் பஞ்சராகி, ஊர்வலம் பாதியில் இருக்கும்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறது. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“எந்த ஸ்டாண்டுவே நீரு?”

“வண்ணார்பேட்டை,” என்றேன். வேறு என்ன சொல்ல?

கொஞ்ச நேரம் சாம்பாரைப் பிசைந்தார். பிறகு நகர்ந்து எனக்கு இடம்விட்டார்.

“அந்தத் திருப்பத்தப் பாத்தேன். நல்லாத்தான் ஒடிக்கீரு. வார மாசம் ஆடி, ஒண்ணும் கிடையாது. ஆவணில எனக்கு ஒரே நாள்ல மூணு முகூர்த்தம் இருக்கு. நம்பர் சொல்லும்.”

சொன்னேன்.