காயில் கருகினால் யார் பொறுப்பு?

கேள்வி: வாரண்டிக்குள் போர்வெல் மோட்டார் காயில் கருகிவிட்டது. 'லோ வோல்டேஜ், வாரண்டி கிடையாது' என்கிறது கம்பெனி. பணம் போனது போனதுதானா?

பதில்: போகவிடாதீர்கள். மூன்று பேஸில் ஒன்று போனாலும் காயில் கருகும். தண்ணீரின்றி ஓடினாலும் கருகும். வைண்டிங் இன்சுலேஷன் மட்டமாக இருந்தாலும் கருகும். பிரித்துப் பார்க்காமலே வோல்டேஜ் மேல் பழிபோடுவது சோதனை அல்ல, சோதிடம். 'சிங்கிள் பேசிங் பிரிவென்டர் (ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்தும் கருவி) வைத்தீர்களா?' என்பார்கள். நியாயமான கேள்விதான், வைக்கவில்லை என்றால் உங்கள் பக்கம் கொஞ்சம் பலவீனம். வைத்திருந்தால், மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அதுவரை வெளியே ரீவைண்டிங் கொடுக்காதீர்கள். அந்தக் கருகிய கம்பிதான் சாட்சி. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருளை ஆய்வகச் சோதனைக்கு அனுப்ப மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. 2 ஆண்டுகளுக்குள் புகார் கொடுங்கள். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்வரை கட்டணமே இல்லை.